பன்னிரண்டு ஐம்பத்தைந்து

இரவு பன்னிரண்டுக்கு மேல் உணவு கிடையாது,
தண்ணீர் மட்டும், காலை எட்டு வரை.
இங்குன் தாளைப் பார்க்காமலே சொன்னாள்.
ஆடும் பல் உண்டா, குறட்டை உண்டா,
வீட்டில் யாராவது மயக்க மருந்தில்
சங்கடப்பட்டதுண்டா?
அப்பா மயங்கியதெல்லாம் சாராயத்தில்தான் என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டாள்.
நீ எவ்வளவு குடிப்பாய்?
பாதியைச் சொன்னேன்.
பாதிக் கணக்கில் மருந்து கொடுத்தால்
பாதியில் விழிப்பாய், பரவாயில்லையா என்றாள்.
மீதியையும் சொன்னேன்.

மோதிரம் கழல வேண்டும்.
மணமுறிவாகிப் பதினோரு வருடம்,
விரல்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.
சோப்புத் தண்ணீரில் வழுக்கி வந்ததை
உறையில் போட்டுப் பெயர் எழுதினார்கள்.
இடது தோளில் பேனாவால் ஓர் அம்பு,
தவறான பக்கம் நுழைந்துவிடாமல் இருக்க.

எனக்கு அது புரியும்.
ஹம்மர்ஃபெஸ்ட் துறைமுகத்தில்
முப்பத்தோரு வருடமாகப் பைலட் நான்.
கயிற்றேணி பிடித்து அடுத்தவர் கப்பலில் ஏறுவேன்.
கேப்டன் கேப்டனாகவே நிற்பார்,
பாறைகளுக்கிடையே வழி மட்டும் என் பொறுப்பு.
அந்த ஏணிதான் அக்டோபர் அலையில் திருகி
என் தசைநாரைக் கிழித்தது.
இன்று நான் கப்பல்.
ஏறி வந்திருப்பவள் இங்குன்.

முதலில் கழுத்தில் ஊசி.
கை கனத்தது, சூடானது,
பிறகு யாரோ மறந்து வைத்த
ஈரக் கோட்டைப் போலப் பக்கத்தில் கிடந்தது.
குரல் கரகரக்கும், ஓர் இமை தாழும்,
நாளைக்குள் சரியாகும் என்றாள்.
முன்பே சொல்லப்பட்ட அலை
அவ்வளவாக உயர்வதில்லை.

மாஸ்க்கில் புது பிளாஸ்டிக் வாசனை.
பால் நிற மருந்து
வலது முழங்கையில் எரிந்துகொண்டே ஏறியது.
எண்ணச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.
அவள் கேட்டது வேறு:
சோரோய் நீரிணையில் எங்கே திரும்புவாய்?
பச்சை வெளிச்சம்
வெள்ளையாகும் இடத்தில்
வலப்பக்கம்


பத்து டிகிரி என்றேன்.
கேட்டவள் அங்கே இல்லை.
மாரிட் என்று எழுதிய சட்டை குனிந்தது.

கண் மூடித் திறப்பதற்குள் என்போமே,
அது நிஜமாகவே நடந்திருக்கிறது.
தூங்கினால் தூங்கிய கனம் உடலில் இருக்கும்.
இது வெட்டி ஒட்டிய கயிறு.
தொண்டையில் குழாய் போய்வந்த கீறல்,
சூடான போர்வைக்குள்ளும்
பற்கள் தந்தியடித்தன.
மணி என்ன?
பன்னிரண்டு ஐம்பத்தைந்து.
மணி என்ன?
பன்னிரண்டு ஐம்பத்தாறு.
ஆறு முறை கேட்டேன் என்பதே
பிறகு அவள் சொல்லித்தான் தெரியும்.
ஒருமுறையாவது எரிந்து விழுந்திருந்தால்
அது நினைவில் நின்றிருக்கும்.

டிசம்பரில் எங்களுக்குச் சூரியன் இல்லை.
நண்பகலை ஒட்டி ஜன்னலில் ஒரு நீலம், அவ்வளவே.
நான் திரும்பிப் பார்க்கையில் அதுவும் வடிந்துகொண்டிருந்தது.
வாந்தி வந்தது, அட்டைக் கிண்ணம் வந்தது,
பிறகு ஓர் ஆரஞ்சு ஐஸ் குச்சி.

இருபத்துநான்கு மணி நேரம்
வண்டி ஓட்டாதே, எதிலும் கையெழுத்துப் போடாதே,
தனியாக இராதே.
மூன்றாவதற்குத்தான் ஆள் தேடவேண்டியிருந்தது.
யோஸ்தைன் வந்தான், பைலட் படகை ஓட்டுபவன்,
ஏணியில் நான் தொங்கும்போதெல்லாம்
கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பவன்.

கை மரத்திருக்கும்போதே மாத்திரையைப் போடு,
வலிக்காகக் காத்திராதே என்றுதான் அனுப்பினார்கள்.
வலிக்காத கைக்கு எதற்கு என்று விட்டேன்.
அதிகாலை மூன்றுக்கு விரல்கள் திரும்பின,
கட்டைவிரல் முதலில்,
அடுத்து தோள், முழுத் தோளும், ஒரே வீச்சில்.
நான் அலறியதாக யோஸ்தைன் சொல்கிறான்.
கூப்பிட்டேன் என்றுதான் நான் சொல்வேன்.

மாத்திரையும் தயிரும் கொண்டுவந்தான்.
படுக்க முடியாமல் நான் நாற்காலியில் சாய்ந்திருக்க
விடியாத ஊரில் காலைவரை
வானொலியில் கடல் நிலவரம் கேட்டோம்.
மோதிர உறை கோட்டுப் பையிலேயே கிடந்தது.

எழுத எனக்கு இன்னும் அனுமதி இல்லை.
பதிவேட்டை அவனிடம் கொடுத்தேன்.
10:20, பைலட் ஏறினார்.
12:55, பைலட் இறங்கினார்.
நடுவில் என்ன எழுத, என்று
பேனாவைத் தூக்கிப் பிடித்தான்.
கப்பலைக் கேட்கிறாயே, என்றேன்,
அதற்கு எப்படித் தெரியும்.